சும்மா கிடக்கும் நிலமா?

ஊருக்கு வெளியே ஒரு நிலம் கிடக்கிறது. அதில் பயிர் இல்லை. வீடும் இல்லை. கல்லும் முள்ளும் புல்லும்தான் இருக்கின்றன. ஆடுகள் மேய்கின்றன. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே! பிளாட் போட்டு விற்றால் எவ்வளவு பணம் கிடைக்கும்!" என்கிறார்கள்.

நாமும் அப்படிச் சொல்லியிருப்போம். ஆனால் அந்த நிலம் உண்மையில் சும்மாதான் கிடக்கிறதா? அதற்கு ஏதாவது வேலை உண்டா? இதைத் தெரிந்துகொள்ள டில்லிக்குப் போய் வருவோம், வாருங்கள்.

டில்லிக்குள் ஒரு காடு

டில்லி நமது நாட்டின் தலைநகரம். பாராளுமன்றம் அங்கேதான் இருக்கிறது. செங்கோட்டையும் குதுப்மினாரும் அங்கே இருக்கின்றன. இவை எல்லோருக்கும் தெரியும். டில்லி நகரத்துக்குள் ஒரு காடும் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது.

குஜராத்தில் ஒரு மலைத்தொடர் தொடங்குகிறது. ராஜஸ்தான், ஹரியானா வழியாக அது டில்லிக்கு வருகிறது. அதன் பெயர் ஆரவல்லி. நீளம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். உலகத்தின் மிகப் பழைய மலைத்தொடர்களில் இதுவும் ஒன்று. இமயமலையைவிட மிக மிகப் பழையது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் காற்றிலும் தேய்ந்து போனது. அதனால் டில்லியில் அது மலையாகத் தெரியாது. சிறு சிறு குன்றுகளாகத் தெரியும். நகரத்துக்குள் புகுந்து, யமுனை ஆற்றின் கரையில் அது முடிகிறது.

இந்தக் குன்றுப் பகுதியை டில்லி மக்கள் 'ரிட்ஜ்' என்கிறார்கள். அரசாங்கக் கணக்குப்படி இதன் பரப்பு 7,777 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆக, இது 19,000 ஏக்கருக்கும் அதிகம்.

ரிட்ஜ் இன்று ஒரே துண்டாக இல்லை. நான்கு துண்டுகளாக இருக்கிறது. வடக்கே டில்லிப் பல்கலைக்கழகத்தின் அருகே 87 ஹெக்டேர். நகரத்தின் நடுவே 864 ஹெக்டேர். குதுப்மினார் இருக்கும் மெஹ்ரோலிப் பக்கம் 626 ஹெக்டேர். தெற்கே 6,200 ஹெக்டேர்.

இங்கே இலந்தை, வெள்வேலம், புரசு முதலிய மரங்கள் வளர்கின்றன. மயிலும் நரியும் நீல்காய் என்ற பெரிய மானும் வாழ்கின்றன. தெற்கே அசோலா-பட்டி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அங்கே வைத்த காமிராவில் சிறுத்தைகளும் பதிவாகியுள்ளன. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தின் ஓரத்தில் சிறுத்தை! ஆச்சரியமாக இல்லையா?

குன்று செய்யும் வேலை

இந்தக் குன்று செய்யும் முதல் வேலை தண்ணீரைச் சேமிப்பது.

"பாறைக்குள் எப்படித் தண்ணீர் இறங்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தப் பாறை மிகப் பழையது. அதில் எண்ணற்ற வெடிப்புகள் இருக்கின்றன. மழை பெய்கிறது. மரத்தின் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. கீழே உதிர்ந்த சருகும் புல்லும் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைக்கின்றன. வேர்களின் வழியாகத் தண்ணீர் மெல்ல இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் புகுந்து நிலத்துக்கு அடியில் சேர்கிறது. அடிவாரத்தில் உள்ள கிணறுகளிலும் ஆழ்குழாய்களிலும் அந்த நீர்தான் ஊறுகிறது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 40,000 லிட்டர். ஒரு குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,600 குடங்களுக்கு மேல் ஆகிறது! திறந்த நிலமாக இருந்தால் இதில் ஒரு பங்கு பூமிக்குள் போகும். அதே இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஏறக்குறைய எல்லாமே சாக்கடைக்குப் போகும். சாக்கடை தாங்காவிட்டால் வீட்டுக்குள் வரும்.

டில்லியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதங்களில் பெய்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். பழைய காலத்து மன்னர்களுக்கு இது தெரிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் சுல்தான் இல்துத்மிஷ் மெஹ்ரோலியில் ஹௌஸ்-இ-ஷம்சி என்ற குளத்தை அமைத்தார். அதன் சுற்றுப்புறத்தில் படிக்கிணறுகளும் கட்டப்பட்டன. மேட்டில் பெய்த மழையைப் பள்ளத்தில் தேக்கினார்கள். நமது ஊரில் ஏரியும் கண்மாயும் வெட்டிய முன்னோரும் இதைத்தானே செய்தார்கள்?

இரண்டாவது வேலை, காற்றைத் தடுப்பது. டில்லிக்கு மேற்கே ராஜஸ்தான் பாலைவனம் இருக்கிறது. கோடைக் காலத்தில் அங்கிருந்து அனல் காற்றும் புழுதிக் காற்றும் வீசும். ஆரவல்லிக் குன்றுகளும் அவற்றின் மேல் உள்ள மரங்களும் அந்தக் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. இலைகளில் தூசி படிகிறது.

மூன்றாவது வேலை, சூட்டைத் தணிப்பது. பகலெல்லாம் வெயில் வாங்கிய கட்டடமும் தார்ச்சாலையும் இரவிலும் சூட்டை வெளியே விடும். மரங்கள் அடர்ந்த இடம் அப்படி அல்ல. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இந்த வேலைக்குக் கூலி கிடையாது. லீவு கிடையாது. இதைத்தான் நாம் "சும்மா கிடக்கிறது" என்கிறோம்.

குன்றை வெட்டி நகரம் கட்டினார்கள்

1911ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் தலைநகரம் கல்கத்தா. அந்த ஆண்டு டிசம்பரில் தலைநகரத்தை டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ரிட்ஜின் ஒரு பகுதியான ராய்சினா குன்றின் மேல்பகுதியை வெடி வைத்துச் சமன் செய்தார்கள். அங்கே வைசிராயின் மாளிகையைக் கட்டினார்கள். அதுவே இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை. அதே சமயம், நகரத்துக்குக் காடு தேவை என்பதையும் அவர்கள் உணர்ந்தார்கள். 1913இல் ரிட்ஜின் நடுப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தார்கள்.

அவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். காடு சீக்கிரம் பச்சையாக வேண்டும் என்று வெளிநாட்டு மரம் ஒன்றைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். டில்லியில் அதை 'விலாயதி கீக்கர்' என்பார்கள். நமக்கும் அது நன்றாகத் தெரிந்த மரம்தான். அதுதான் சீமைக் கருவேலம்! நமது ஊர்க் கண்மாய்களில் பரவியது போலவே அங்கும் அது பரவியது. நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்தது.

1947இல் நாடு விடுதலை பெற்றது. பிரிவினையும் வந்தது. லட்சக்கணக்கான அகதிகள் டில்லிக்கு வந்தார்கள். 1951இல் டில்லியின் மக்கள்தொகை 17 லட்சம். 1991இல் 94 லட்சம். 2011இல் ஒரு கோடியே 68 லட்சம்.

இத்தனை பேருக்கும் வீடு வேண்டும், சாலை வேண்டும். அவற்றைக் கட்டக் கல்லும் மண்ணும் வேண்டும். அவை எங்கிருந்து வந்தன? பெருமளவு இதே ஆரவல்லிக் குன்றுகளிலிருந்துதான் வந்தன. தெற்கு ரிட்ஜில் பாறையை உடைத்தார்கள். 'பதர்பூர் மண்' என்ற செம்மணலைத் தோண்டினார்கள். பட்டி என்ற கிராமத்தில் மிகப் பெரிய பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் இறங்கி வேலை செய்தவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். 1990இல் ஒரு பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகே அங்கு சுரங்க வேலை நின்றது.

வேலி போட்டும் நிற்கவில்லை

நகரம் இப்படிக் கண்டபடி பரவக் கூடாது என்று அரசாங்கம் நினைக்கவில்லையா? நினைத்தது. 1962இல் டில்லிக்கு ஒரு பெருந்திட்டம் வந்தது. நகரத்தைச் சுற்றி ஒரு மைல் அகலத்துக்குப் பசுமை வளையம் விட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அதில் வயலும் தோப்பும் இருக்கலாம். நகரம் அதைத் தாண்டக் கூடாது.

ஆனால் நகரம் தாண்டியது. நிலத்தின் விலை ஏறியது. விவசாயிகள் விற்றார்கள். அனுமதி இல்லாத காலனிகள் முளைத்தன. வசதியுள்ளவர்கள் பண்ணை வீடு கட்டினார்கள். அரசாங்கமே சில இடங்களை எடுத்துக்கொண்டது. தாளில் வரைந்த வளையம் தரையில் நிற்கவில்லை.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் மட்டும் போதாது. பார்த்துக்கொண்டே இருக்கும் மக்களும் வேண்டும்.

மாணவர்கள் கேட்ட கேள்வி

வடக்கு ரிட்ஜ், டில்லிப் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. 1979இல் சில பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ரிட்ஜ் காடு அழிவதைத் தடுக்க இயக்கம் நடத்தினார்கள். அப்படிப் பிறந்த அமைப்பின் பெயர் 'கல்பவிருக்ஷ்'. அது இன்றும் இயங்கி வருகிறது.

பிறகு வழக்குகள் நடந்தன. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் சுற்றுச்சூழலுக்காகப் பல வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். 1994 மே மாதத்தில் 7,777 ஹெக்டேர் ரிட்ஜ் நிலத்தைக் காப்புக்காடாக்க டில்லி அரசு அறிவிக்கை வெளியிட்டது. 1995இல் ரிட்ஜ் மேலாண்மை வாரியம் அமைந்தது. அதன் பிறகு ரிட்ஜில் எந்தப் பணிக்கும் முன் அனுமதி வேண்டும் என்றானது. 2009இல் டில்லியை அடுத்த ஃபரீதாபாத், குர்கான், மேவாத் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதியிலும் சுரங்க வேலையை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

இத்துடன் கவலை தீர்ந்ததா? இல்லை. 1994இல் வந்தது முதல் அறிவிக்கைதான். எல்லையை அளந்து, உரிமைகளை விசாரித்து, இறுதி அறிவிக்கை வெளியிட வேண்டும். அந்த வேலை முப்பது ஆண்டுகளாகியும் முடியாமல் இழுத்தது. இதற்கிடையே 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில் சாலையை அகலப்படுத்தினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவில்லை. வெட்டியது தனியார் அல்ல. அரசுத் துறைதான். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்புச் சொன்னது. புதிதாக மரம் வளர்க்கும்படியும் உத்தரவிட்டது.

ஆனால் ஒரு காடு ஒரு நாளில் வளராது. வெட்டுவதற்குத்தான் ஒரு நாள் போதும்.

ஆற்றுக்கும் இடம் வேண்டும்

குன்றில் பெய்து மிஞ்சிய மழை ஓடைகளாக ஓடி யமுனையில் சேர்கிறது. யமுனையின் இரு கரையிலும் அகலமான சமவெளி இருக்கிறது. வெள்ளம் வரும்போது ஆறு அதில் பரவும். வெள்ளம் வடிந்த பிறகு அது வயலாகவும் புல்வெளியாகவும் இருக்கும். இந்த இடத்தையும் சும்மா கிடக்கும் நிலம் என்றே நினைத்தார்கள். சாலைகளும் பெரிய கட்டடங்களும் அதில் வந்தன. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கான குடியிருப்பும் அங்கேதான் கட்டப்பட்டது.

2023 ஜூலை மாதம் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இல் வந்த வெள்ளத்தைவிட இது ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். செங்கோட்டையின் மதில் வரை தண்ணீர் வந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மேம்பாலங்களின் கீழும் சாலையோரங்களிலும் தங்கினார்கள். ஆற்றின் இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், ஆறு நமது இடத்துக்கு வரும்.

ஏழைகள் எங்கே போவார்கள்?

இப்போது நீங்கள் கேட்கலாம்: "மரத்துக்கும் மானுக்கும் இடம் விடச் சொல்கிறீர்கள். வீடில்லாத ஏழை எங்கே போவான்?"

இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் காட்டைப் பற்றிப் பேசுவது சரியல்ல.

டில்லியில் ஜங்புரா என்ற பகுதி இருக்கிறது. அங்கே பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் 'மதராஸி கேம்ப்' என்ற குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் பல பத்து ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தன. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தன. வடிகாலை அடைத்துக்கொண்டிருப்பதால் வெள்ளம் தேங்குகிறது என்று உயர் நீதிமன்றம் அந்தக் குடியிருப்பை அகற்ற உத்தரவிட்டது. 2025 ஜூன் 1ஆம் தேதி வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கே மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. அதுவும் வெகு தொலைவில், நகரத்தின் வடகோடியில் உள்ள நரேலாவில். வேலை இங்கே, வீடு அங்கே!

அந்த மக்கள் விரும்பியா சாக்கடை ஓரத்தில் குடியேறினார்கள்? இல்லை. நல்ல இடத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நகரம் திட்டமில்லாமல் பரவும்போது மேட்டு நிலம் பணமுள்ளவருக்குப் போகிறது. பள்ளமும் வடிகாலும் ஏழைக்கு மிஞ்சுகின்றன. வெள்ளம் வந்தாலும் அவர்களுக்குத்தான் முதல் அடி. இடிக்க வந்தாலும் அவர்களுக்குத்தான் முதல் அடி.

வெளியே வெளியே பரவுவதால் ஏழைக்கு வீடு கிடைத்துவிடுகிறதா? அதே நரேலாவில் அரசு கட்டிய ஆயிரக்கணக்கான அடுக்கு வீடுகள் பல ஆண்டுகள் விலை போகாமல் பூட்டிக் கிடந்தன. பக்கத்தில் வேலை இல்லை. போக்குவரத்து வசதி போதவில்லை. வயல் போனதுதான் மிச்சம்.

ஆகவே, வேலையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் இருக்கும் இடத்தில், ஏற்கனவே கட்டடம் உள்ள நிலத்தில், ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டும். குன்றையும் ஆற்றையும் விட்டுவிட வேண்டும். நிலத்தைக் காப்பதும் ஏழைக்கு வீடு தருவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

பள்ளம் மீண்டும் காடானது

கெட்டுப்போன நிலத்தை மீட்க முடியுமா? முடியும்.

டில்லியில் வசந்த விஹார் பக்கம் 692 ஏக்கர் குன்று நிலம் சுரங்கப் பள்ளங்களாகக் கிடந்தது. சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. அங்கே ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவை அமைத்தார்கள். டில்லி வளர்ச்சி ஆணையமும் டில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. சீமைக் கருவேலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஆரவல்லிக்கே உரிய புல்லையும் செடிகளையும் மரங்களையும் வளர்த்தார்கள். இன்று அங்கே பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. யமுனைக் கரையில் வஜீராபாத் அருகிலும் 457 ஏக்கரில் இப்படி ஒரு பூங்கா இருக்கிறது.

ஆனால் இதற்குப் பல ஆண்டு உழைப்பும் செலவும் ஆயின. இருக்கும் நிலத்தைக் காப்பது, இழந்த நிலத்தை மீட்பதைவிட எளிது.

நமது ஊரில்

டில்லி தொலைவில் இருக்கிறது. சென்னை நமக்குப் பக்கம். அங்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கும் இடம் அது. அதில் ஒரு பகுதி குப்பைமேடானது. இன்னொரு பகுதியில் கட்டடங்கள் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மிதந்தது. மிஞ்சிய சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் உலக அங்கீகாரம் கிடைத்தது.

நமது ஊரிலும் மேய்ச்சல் நிலம், ஏரி, ஓடை, மந்தைவெளி உண்டு. இவற்றைப் புறம்போக்கு என்கிறோம். யாரையாவது திட்டுவதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். அது சரியா? புறம்போக்கு என்றால் யாருக்கும் பட்டா இல்லாத நிலம். அதாவது, ஊரில் எல்லோருக்கும் பொதுவான நிலம்.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அதில் உத்தரவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

நமது ஊரில் எந்தெந்த நிலம் பொது நிலம் என்று தெரிந்துகொள்ளலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கும். தகவல் தரத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம்.

அந்த நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்கலாம். எங்கே தண்ணீர் வருகிறது, எங்கே போகிறது என்று வயதானவர்களைக் கேட்டுக் குறித்து வைக்கலாம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அங்கே இதைப் பற்றிப் பேசலாம். தீர்மானம் போடச் சொல்லலாம். வீடில்லாத குடும்பங்களுக்கு ஏரியிலும் ஓடையிலும் அல்லாமல் பத்திரமான இடத்தில் மனை கேட்டும் தீர்மானம் போடலாம்.

படிக்கத் தெரிந்த நாம், அந்தத் தீர்மானம் சரியாக எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடலாம்.

அடுத்த முறை யாராவது, "அந்த நிலம் சும்மாதானே கிடக்கிறது?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் முன்பு திறந்த நிலமாக இருந்து, இப்போது கட்டடமாகிவிட்ட இடம் எது? அதனால் என்ன மாறியது?

2. உங்கள் ஊர்க் கிணறுகளுக்கு எங்கிருந்து தண்ணீர் ஊறுகிறது?

3. உங்கள் ஊரில் வீடில்லாத குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்கு மனை தர ஏற்ற இடம் எது? ஏற்காத இடம் எது? ஏன்?

4. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர். உங்கள் ஊர் மேய்ச்சல் நிலம் 10 ஏக்கர் என்றால், 5 சென்டிமீட்டர் மழையில் எவ்வளவு தண்ணீர் விழும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.